ஏழு நாட்டுக்கு ஓர் ஆர்டர் பக்கம்: வாசகர் கேள்வி-பதில்

இணைய விற்பனைத் தளங்களில் டிசைன் குழுவை நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஏழு நாடுகளில் விற்கிறோம். ஆர்டர் பக்கத்தை ஒரே மாதிரி ஆக்கச் சொல்கிறது மேலிடம். ஒவ்வொரு நாட்டுக் குழுவும் “எங்கள் வாடிக்கையாளர் வேறு” என்கிறது. யார் பக்கம் நிற்பது?

பதில்: யார் பக்கமும் நிற்காதீர்கள். “வேறு” என்று சொல்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: சட்டத்தால் வேறா, வசதியால் வேறா, பழக்கத்தால் வேறா?

சட்டம் என்றால் பேச்சுக்கு இடமில்லை. ஜெர்மனியில் ஆகஸ்ட் 2012 முதல் கடைசிப் பட்டனில் “பணம் செலுத்தும் கடமையுடன் ஆர்டர் செய்கிறேன்” என்ற பொருள் சந்தேகமில்லாமல் வர வேண்டும். “தொடர்க” என்றோ “பதிவு செய்” என்றோ போட்டால் வாங்குபவரை அந்த ஆர்டர் கட்டுப்படுத்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் உரிமை ஆணையிலும் இதே விதி உண்டு. ஆக, பட்டன் வாசகத்தை அழகுக்காக எல்லா நாட்டிலும் ஒன்றாக்கப் போனால் ஒப்பந்தமே ஆடிப்போகும்.

வசதி என்பது பணம் கட்டும் வழி, முகவரி முறை, கூரியர் இவையெல்லாம். ஜப்பானில் ஆர்டரை இணையத்தில் போட்டுவிட்டு, தெருமுனைக் கடையில் போய்ப் பணம் கட்டும் வழக்கம் இருக்கிறது. பிரேசிலில் பொலேத்தோ என்ற கட்டணச் சீட்டும் அப்படித்தான். பட்டனை அழுத்திய நொடியில் பணம் வந்திருக்காது. “ஆர்டர் வெற்றி” என்று பச்சை டிக் காட்டும் ஒரே திரையை அங்கும் வைத்தால், வாங்கியவர் பணம் கட்டாமலே பார்சலுக்குக் காத்திருப்பார். “பணத்துக்குக் காத்திருக்கிறோம், இந்தத் தேதி இத்தனை மணிக்குள் கட்டவும்” என்று தனி நிலை ஒன்று வேண்டும்.

மூன்றாவது, பழக்கம். சண்டையில் பெரும்பகுதி இங்கேதான் கிடக்கும். “எங்கள் ஆட்களுக்குச் சிவப்புப் பட்டன்தான் பிடிக்கும்” வகை. அளந்து காட்டச் சொல்லுங்கள், அதுவரை பொதுவடிவமே போகட்டும். ஒவ்வொரு வேறுபாட்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: என்ன வேறு, மூன்றில் எந்தக் காரணம், ஆதாரம் எது, யார் பொறுப்பு, மறுபடி எப்போது பார்ப்பது. இந்தத் தாள் இல்லாத குழுவில், இரண்டு வருடம் கழித்து ஒரு பெட்டி ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளிருக்காது. எடுக்கவும் பயப்படுவார்கள்.

கேள்வி: முகவரிப் பக்கத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நாட்டைக் கேட்கும் பெட்டியை முதலில் வையுங்கள். எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு நாட்டை மாற்றினால் பெட்டிகள் மாறி, அடித்ததெல்லாம் காலியாகும். பாதிக் கோபம் அங்கே பிறக்கிறது.

அடுத்து, கட்டாயப் பெட்டிகள். ஹாங்காங்கில் அஞ்சல் குறியீடே கிடையாது. அயர்லாந்துக்கு 2015-இல்தான் வந்தது. குறியீடு கட்டாயம் என்று வைத்தால் மக்கள் 0000 என்று அடித்துத் தாண்டுவார்கள், அந்தச் சுழிகள் நேரே கூரியர் லேபிளில் போய் உட்காரும். நெதர்லாந்தில் இதற்கு நேரெதிர். குறியீடும் வீட்டு எண்ணும் கிடைத்தால் தெருவும் ஊரும் தானாக வந்துவிடும், இரண்டு பெட்டி மிச்சம் என்று கொண்டாடலாம். ஜப்பானில் ஏழு இலக்கக் குறியீட்டிலிருந்து மாகாணம், நகரம், பகுதி வரை நிரப்பலாம். அங்கே முகவரி பெரிதிலிருந்து சிறிதுக்கு இறங்கும், வீட்டு எண் கடைசியில்தான் வரும்.

இரண்டு கோளாறுகளைக் கிட்டத்தில் காட்டுகிறோம். உங்கள் தளத்தில் இன்றே சோதிக்கலாம்.

ஒன்று: இந்தியப் பின்கோடுக்கு ஆறு இலக்கம், எனவே பெட்டியின் நீள வரம்பு 6 என்று டெவலப்பர் வைத்திருப்பார். வாங்குபவர் வேறெங்கோ இருந்து “123 456” என்று நடுவில் இடைவெளியோடு நகலெடுத்து ஒட்டுவார். இடைவெளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் சேரும். பெட்டியில் “123 45” மட்டும் நிற்கும். “தவறான பின்கோடு” என்று சிவப்பில் வரும். அவர் சரியாகத்தான் கொடுத்தார், வெட்டியது நாம். வரம்பைத் தாராளமாக வைத்து, இடைவெளியை நிரல் எடுத்துவிட வேண்டும்.

இரண்டு: ஜப்பானிய விசைப்பலகையில் எண்கள் அகன்ற வடிவத்திலும் விழும். கண்ணுக்கு எண்தான், கணினிக்கு வேறு குறியீடு. “எண்கள் மட்டும் அடிக்கவும்” என்று எண்ணை அடித்தவரிடமே சொல்லும் தளங்கள் உண்டு! அகன்ற எண்ணைச் சாதாரண எண்ணாக்க நிரலில் ஒரு வரி போதும். ஒரு வரி எழுதச் சோம்பி, அந்த வேலையை வாங்குபவர் தலையில் கட்டுகிறோம்.

பெயருக்கு ஒரே பெட்டி போதும், கூரியரோ வங்கியோ பிரித்துக் கேட்டால் ஒழிய. குடும்பப் பெயர் கட்டாயம் என்றால், அது இல்லாதவர் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: அரபிப் பக்கத்தை அப்படியே கண்ணாடி போலத் திருப்பினால் போதாதா?

பதில்: போதாது. படிநிலைக் கோடு, முன்-பின் அம்புகள், பெட்டிகளின் வரிசை திரும்ப வேண்டும். டிக் குறி திரும்பக் கூடாது. அட்டை எண்ணும் தொலைபேசி எண்ணும் இடமிருந்து வலமாகவே ஓடும். கவனிக்காமல் விட்டால், தொலைபேசி எண்ணின் முன்னிருக்கும் கூட்டல் குறி மறுகோடிக்குத் தாவிவிடும். அந்தப் பெட்டிக்கு மட்டும் திசையை இடமிருந்து வலம் என்று கட்டிப்போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபிக்மா டிசைன் மென்பொருளில் கச்சிதமாக இருக்கும் வடிவம், மொழிபெயர்ப்பு வந்ததும் பிதுங்கிவிடுகிறது. விலைப் பகுதியும் உடைகிறது.

பதில்: மாதிரியில் நல்ல பிள்ளையாக இருக்கும் சொற்களையே போட்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் பத்து எழுத்துக்குள் இருக்கும் சிறு லேபிள் வேறு மொழியில் இரண்டு மடங்கு, சமயத்தில் மூன்று மடங்கு நீளும். முதல் வரைவிலேயே ஜெர்மன் சொல் ஒன்று, தமிழ்ச் சொல் ஒன்று போட்டுப் பாருங்கள். ஜெர்மன் அகலத்தைச் சோதிக்கும், தமிழ் உயரத்தையும் சேர்த்துச் சோதிக்கும். வரி உயரம் இறுக்கமாக இருந்தால் மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். பட்டனுக்கு நிலையான உயரம் கொடுக்காமல், உள்ளே இடைவெளி கொடுத்து வளர விடுங்கள்.

விலைக்கு: ஜப்பானிய யென்னுக்குத் தசமம் இல்லை, குவைத் தினாருக்கு மூன்று இலக்கம். ஜெர்மனியில் 1.234,50 என்று எழுதுவார்கள், இந்தியாவில் 1,23,456. இதையெல்லாம் கையால் அமைக்கக் கூடாது, உலாவியிலேயே இருக்கும் எண் வடிவமைப்பு வசதி பார்த்துக்கொள்ளும். வரிதான் நுணுக்கம். ஐரோப்பாவில் வாங்குபவருக்குக் காட்டும் விலையிலேயே வரி அடங்கியிருக்கும். அமெரிக்காவில் முகவரி தெரிந்த பிறகே விற்பனை வரி சேரும். எனவே அங்கே கூட்டுத்தொகைக்கு “இதுவரை”, “இறுதி” என இரு நிலைகள் தேவை. இதை ஒரே பெட்டியில் அடக்கப் பார்த்தால், கடைசி நொடியில் தொகை ஏறியதாக வாங்குபவருக்குத் தோன்றும்.

கேள்வி: பாதிப் பேருக்குப் பழைய வடிவம், பாதிப் பேருக்குப் புதிய வடிவம் காட்டி ஒப்பிடும் ஏ/பி சோதனையை எத்தனை நாள் ஓட்டுவது? சிறிய சந்தைகளில் முடிவே கிடைப்பதில்லை.

பதில்: நாளைக் கேட்காதீர்கள், ஆளைக் கேளுங்கள். எளிய கணக்கு: 16 × இப்போதைய விகிதம் × (1 − அதே விகிதம்), 3% என்றால் 0.03 என்று எடுத்துக்கொண்டு, வருவதைக் கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுக்கவும். வழக்கமான 5% பிழை வரம்புக்கும் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாக எண்ணும் வாய்ப்பு) 80% திறனுக்கும் (இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) இது பொருந்தும்.

வருகிறவர்களில் 3% வாங்குகிறார்கள், அதை 3.3% ஆக்கும் மாற்றத்தைப் பிடிக்க வேண்டும் என்றால், ஒரு வடிவத்துக்குச் சுமார் 52,000 பேர், இரு வடிவமும் சேர்த்து 1,04,000. வாரம் 4,000 பேர் வரும் நாட்டில் அது 26 வாரம். அதற்குள் விலை, சீசன், போட்டியாளர் எல்லாமே மாறியிருக்கும்.

அளவுகோலை வாங்கும் இடத்துக்கு அருகே நகர்த்துங்கள். ஆர்டர் பக்கத்துக்குள் வந்தவர்களில் 60% முடிக்கிறார்கள், 62% ஆனால் தெரிய வேண்டும் என்றால் ஒரு வடிவத்துக்கு 9,600 பேர் போதும். அதுவும் எட்டாத நாட்டில் சோதனையே வேண்டாம். ஐந்தாறு பேரை அவர்கள் சொந்த போனில் ஆர்டர் போடச் சொல்லிப் பாருங்கள், வாடிக்கையாளர் சேவைக்கு வரும் புகார்களைப் படியுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். நடுவில் எட்டிப் பார்த்து, எண் நமக்குப் பிடித்தபடி வந்ததும் நிறுத்துவது சோதனையாகாது. எல்லா நாட்டையும் கூட்டி ஒரே சதவீதம் பார்த்தால் பெரிய நாட்டின் எண்ணிக்கையில் சின்ன நாட்டின் சரிவு மறைந்துபோகும். கூடவே திரும்பி வந்த பார்சல், கேஷ் ஆன் டெலிவரியில் வாங்க மறுத்தவை, தவறான முகவரி இவற்றையும் எண்ணுங்கள். ஆர்டர் ஏறி இவையும் ஏறினால் அது லாபமில்லை.

கேள்வி: ஆறு டிசைனர்கள். ஆளுக்கு ஒரு நாடா, ஆளுக்கு ஒரு கட்டமா?

பதில்: கட்டம். நாடு வாரியாகப் பிரித்தால் ஆறு மாதத்தில் ஆறு வகைப் பட்டன் இருக்கும். முகவரி, பணம், உறுதிப்பாடு, ஆர்டருக்குப் பின் என்று கட்டங்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவரையும் ஒன்றிரண்டு நாட்டுக்குக் காதாகவும் வையுங்கள். அந்த நாட்டுச் சேவைக் குழுவோடு பேசுவதும், சட்டம் மாறினால் வந்து சொல்வதும் அவர் வேலை.

எதையும் வரையத் தொடங்கும் முன் ஒவ்வொரு நாட்டிலும் ஓர் உண்மை ஆர்டர் போட்டு, வாங்கி, திருப்பியும் அனுப்புங்கள். வங்கியின் சரிபார்ப்புத் திரை, மின்னஞ்சல், குறுஞ்செய்தி எதையும் விடாமல் படமெடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். வங்கிச் செயலிக்குத் தாவி மீண்டும் வரும்போது கூடை காலியாவது போன்ற கோளாறுகள் ஃபிக்மாவில் தெரியாது.

வார மறுஆய்வில் மலிவான போன் ஒன்றில், அந்தந்த மொழியில் பாருங்கள். பெரிய திரையில் பார்த்துத் தலையாட்டுவது நேர விரயம்.

கேள்வி: காப்பீட்டுப் பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்கச் சொல்கிறார் விற்பனைத் தலைவர்.

பதில்: வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படி வாங்கிய கூடுதல் பணத்தை வாங்குபவர் திரும்பக் கேட்கலாம். இந்தியாவில் 2023-இல் வந்த வழிகாட்டுதல்கள் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில், கேட்காமலே கூடையில் பொருள் சேர்ப்பதும் ஒன்று. இந்த இரண்டையும் மின்னஞ்சலில் எழுதி அவருக்கு அனுப்புங்கள், வாய்ச்சொல்லாக வேண்டாம்.

கேள்வி: ஆர்டர் போட்ட பிறகு வரும் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? “செயலாக்கத்தில் உள்ளது” என்று போட்டிருக்கிறோம், ஆனாலும் “என் ஆர்டர் எங்கே?” என்று அழைப்பு வருகிறது.

பதில்: “செயலாக்கத்தில்” என்பது கிடங்குக்குள் பேசும் சொல், வாங்கியவருக்கு அதில் செய்தி எதுவுமில்லை. கிடங்கு, கூரியர் மென்பொருள்களில் உள்ள நிலைகளை எல்லாம் பட்டியல் எடுங்கள். இருபதுக்கு மேல் இருந்தாலும் ஐந்தாறாகச் சுருக்கலாம். ஒவ்வொன்றிலும் மூன்று வரி: என்ன நடந்தது, அடுத்து என்ன, எந்தத் தேதி. தேதியை 03/04 என்று போடாதீர்கள், ஒரு நாட்டில் ஏப்ரல், இன்னொன்றில் மார்ச். மாதத்தை எழுத்தில் எழுதி, நேரத்தை டெலிவரி நடக்கும் ஊரின் நேரத்தில் காட்டுங்கள். கேஷ் ஆன் டெலிவரி என்றால் கையில் வைத்திருக்க வேண்டிய தொகையைப் பார்சல் புறப்பட்ட நாளன்று பக்கத்தின் மேலேயே போடுங்கள். ரத்து பட்டன், பார்சல் கட்டும் வரைக்கும்தான் செல்லும் என்றால் அதற்குப் பிறகு அதை மறைக்காதீர்கள். அதே இடத்தில் “கட்டியாகிவிட்டது, வந்ததும் திருப்பி அனுப்பலாம்” என்று எழுதி, திருப்பும் வழிக்கு இணைப்புக் கொடுங்கள். பட்டனைக் காணோம் என்றால் தளம் கெட்டுவிட்டது என்று நினைத்துத்தான் உங்கள் எண்ணுக்கு அழைக்கிறார்கள்.