மொனிட்டர் வழியாக லெப்டொப் சார்ஜ் ஆவதும் இன்டர்நெட்டும் விட்டு விட்டு நிற்கிறது, மொனிட்டரை மாற்ற வேண்டுமா?

கேள்வி கேட்டவர் கொட்டகலைக்காரர். ஒரே யூ.எஸ்.பி. சி கேபிளில் லெப்டொப்பை மொனிட்டரோடு இணைத்திருக்கிறார். படம் நன்றாக வருகிறது, ஆனால் சார்ஜ் ஏறுவதும் நிற்பதுமாக இருக்கிறது, மொனிட்டரின் பின்னால் மாட்டிய இன்டர்நெட்டும் அடிக்கடி அறுந்துபோகிறது என்கிறார்.

இப்போதைக்கு மொனிட்டரை மாற்றாதீர்கள். நானும் தலவாக்கலைப் பக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன்தான். இந்தத் தொல்லையில் மொனிட்டர் குற்றவாளியாக இருப்பது குறைவு, முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை.

அந்த ஒரு கேபிளுக்குள் கரண்டு, படம், டேட்டா மூன்றும் தனித்தனிக் கம்பிகளில் போகின்றன. படம் வருகிறது என்பதற்காகச் சார்ஜும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. போனோடு வந்த கேபிளாக இருந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: சார்ஜ் ஏறும், படம் வராது. ஆகவே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலில் சார்ஜ். லெப்டொப்போடு வந்த சார்ஜரை நேராக மாட்டுங்கள். அப்போதும் 80 சதவீதத்தில் நின்றால் அது பழுதே இல்லை, பேட்டரி நீண்ட நாள் உழைப்பதற்காகக் கம்பெனியே வைத்திருக்கும் ஏற்பாடு. செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நாள் முழுக்க வயரிலேயே கிடக்கும் லெப்டொப்புக்கு அதை அப்படியே விடுவதுதான் நல்லது.

சொந்தச் சார்ஜரில் ஒழுங்காக ஏறி, மொனிட்டரில் மட்டும் நிற்கிறதா? சார்ஜரில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது, மொனிட்டர் எத்தனை வாட் தருகிறது, இரண்டையும் பாருங்கள். சி போர்ட் இருக்கிறது என்பதால் எல்லா மொனிட்டரும் லெப்டொப்பைச் சார்ஜ் செய்துவிடாது. சில 15 வாட்தான் தரும், அது போனுக்குத்தான் சரி. சில 65, சில 90. உங்கள் லெப்டொப் 100 வாட்டுக்கு மேல் கேட்கும் கேமிங் ரகம் என்றால், 65 வாட் மொனிட்டரில் சும்மா இருக்கும்போது ஏறும், வேலை கொடுத்தால் இறங்கும். விண்டோஸ் ‘ஸ்லோ சார்ஜர்’ என்று அறிவிப்புக் காட்டினாலும் இதே கதைதான்.

வாட் கணக்கு சரியாக இருந்தும் நிற்கிறது என்றால் கேபிளுக்கு வாருங்கள். சாதாரண சி கேபிள் 3 அம்பியர்தான் தாங்கும், 20 வோல்ட்டில் கணக்குப் பார்த்தால் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 அம்பியர் கேபிள் வேண்டும். அதன் தலைக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கும், அது ‘நான் தாங்குவேன்’ என்று சொன்னால்தான் அதிக கரண்டே வரும். டவுனில் கிடைக்கும் மலிவான கேபிள்களில் 100 வாட் என்று அச்சடித்திருப்பார்கள். அதை நம்பாமல், மொனிட்டர் பெட்டிக்குள் வந்த கேபிளைத் தேடி எடுத்து மாட்டிப் பாருங்கள். அது ஒரு மீட்டர்தான் இருக்கிறது, மேசைக்கு எட்டவில்லை என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் குட்டையான கேபிள்தான் நல்ல கேபிள்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. தோட்டப் பக்கம் சாயந்தரம் வோல்டேஜ் இறங்கி பல்ப் மங்கும். சார்ஜ் நிற்பதற்கு அதுதான் காரணம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மொனிட்டரின் பின்பக்க லேபிளைப் பாருங்கள், பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும். அந்த இறக்கத்தை அது தாங்கிக்கொள்ளும். தாங்காதது, மழைக்காற்றில் கரண்டு கண் சிமிட்டுகிற மாதிரி போய் வருவது. அந்த நொடியில் மொனிட்டர் ஒருமுறை அணைந்து எழுகிறது. படம், சார்ஜ், இன்டர்நெட் எல்லாம் அதன் வழியாக வருவதால் எல்லாமே ஒன்றாக விழும். சிலவேளை மொனிட்டர் எழுந்த பிறகும் லெப்டொப்போடு சரியாகப் பேசாமல் நிற்கும். அப்படியானால் லெப்டொப்பை நிறுத்தி, சி கேபிளைக் கழற்றி, மொனிட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, சில நிமிடம் விட்டு மறுபடி மாட்டுங்கள். முன்பக்க பட்டனை அமுக்குவது போதாது. அடிக்கடி இப்படி ஆகிறதென்றால் மொனிட்டரையும் ரவுட்டரையும் ஒரு சின்ன யூ.பி.எஸ்.ஸில் போடுங்கள்.

அடுத்தது இன்டர்நெட். 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால், பல மொனிட்டர்களில் கேபிளின் வேகமான நான்கு பாதைகளையும் படமே பிடித்துக்கொள்ளும், டேட்டாவுக்கு மிஞ்சுவது பழைய யூ.எஸ்.பி. 2 வேகமான 480 மெகாபிட். இதை மாற்ற மொனிட்டர் மெனுவில் ஒரு தெரிவு இருக்கும். ஆனால் 4ஜி ரவுட்டரில் ஓடுகிற வீட்டுக்கு 480 தாராளம், எனவே வேகக் குறைவுக்கு இது காரணமாக இருக்காது. உங்களுக்கு அறுந்துபோவதுதானே பிரச்சினை. மொனிட்டர் தூங்கப் போகும்போது அதன் யூ.எஸ்.பி. ஹப்பும், அதாவது பின்னால் மாட்டியதையெல்லாம் லெப்டொப்போடு சேர்க்கும் பகுதியும், சேர்ந்து தூங்குகிறதா என்று பாருங்கள், மெனுவில் அதை எப்போதும் விழித்திருக்க வைக்கலாம்.

4ஜி டொங்கிளை மொனிட்டரின் முதுகில் குத்தி வைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். யூ.எஸ்.பி. 3 போர்ட்டில் இருந்து வரும் இரைச்சல் பக்கத்தில் இருக்கும் வயர்லெஸ்ஸைக் குழப்பும், முக்கியமாக 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையையும் வயரில்லா மவுஸையும். மலைக்கு நடுவில் சிக்னலே தட்டுத் தடுமாறி வருகிற இடத்தில் அந்த இரைச்சல் வேறு தேவையா? நீள வயர் ஒன்று போட்டு டொங்கிளை ஜன்னலோரம் வையுங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

இடி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, லெப்டொப் பேட்டரியில்தானே ஓடுகிறது என்று இருந்துவிடாதீர்கள். சி கேபிள் மாட்டியிருக்கும் வரை அது மொனிட்டரோடும், மொனிட்டர் சுவரோடும் ரவுட்டர் வயரோடும் சேர்ந்தேதான் இருக்கிறது. மூன்றையும் கழற்றிவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் சரிவரவில்லை என்றால், லெப்டொப்பையும் அதே கேபிளையும் எடுத்துக்கொண்டு ஹட்டனில் ஏதாவது கடைக்குப் போய் வேறொரு சி மொனிட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் நின்றால் பழுது உங்கள் கையில் இருக்கும் இரண்டில் ஒன்றில், புது மொனிட்டர் வாங்கினாலும் தீராது.