டிரவுட்மனின் கழுத்தை மட்டும் பேசுவது ஏன்?

கேள்வி: ஹிட்லரின் படையில் போரிட்ட பெர்ட் டிரவுட்மன் என்ற கோல்கீப்பரை ஆங்கிலேயர்கள் கொண்டாடியது, கழுத்து முறிந்த பிறகும் அவர் ஆடினார் என்பதற்காகவா?

பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து, அதில் பாதிக் காலம் எங்கள் பிரிவின் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பராக நின்றவன் என்பதால், இந்தக் கேள்வியைக் கடந்துபோக மனம் வரவில்லை. நாஜிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்; அவர் போரிட்ட தரப்பு கொடுமையான தரப்பு என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

முதலில் கழுத்து. இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்ஏ கோப்பையின் 1956 இறுதியாட்டத்தில், பர்மிங்காம் சிட்டியின் பீட்டர் மர்ஃபியின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தபோது அவருக்கு அடிபட்டது. மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்றைய விதியில் இடமில்லாததால், மீதமிருந்த சுமார் 17 நிமிடங்களும் அவரே நின்றார். அவருடைய அணியான மான்செஸ்டர் சிட்டி 3-1 என்று வென்றது. எலும்பு முறிந்திருந்தது சில நாள் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது.

இதைப் பெரிய வீரம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ஒரு முறை எதிரணிக்காரரின் முட்டி என் தோளில் இறங்கிய பிறகும் அரை மணி நேரம் ஆடினேன். வென்ற மகிழ்ச்சியில் தோழர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடியபோதுதான் உயிர் போகும் வலி தெரிந்தது. காறை எலும்பில் விரிசல். பாராட்டுவார் என்று நான் எதிர்பார்த்த ராணுவ மருத்துவர், அறிவிருக்கிறதா என்று கேட்டார். ஆட்ட மும்முரத்தில் வலி உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

என்னால் முடிந்திருக்காது என்று நான் நினைப்பது, 1949-இல் அவர் எதிர்கொண்டதைத்தான். பிரெமன் நகரில் பிறந்து, பாராசூட் படையில் சேர்ந்து, கிழக்குப் போர்முனையைக் கண்டு, பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, லங்காஷயரின் கைதி முகாமில் கோல்கீப்பராகி, 1948-இல் ஊர் திரும்ப மறுத்த அந்த மனிதரை மான்செஸ்டர் சிட்டி சேர்த்துக்கொண்டபோது, சுமார் 20,000 பேர் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். நார்மண்டியில் போரிட்டுத் திரும்பியிருந்த அணித்தலைவர் எரிக் வெஸ்ட்வுட், இந்த உடை மாற்றும் அறைக்குள் போர் கிடையாது என்று சொல்லி அவரை வரவேற்றார். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத மதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மன், ஒரு நாட்டின் குற்றத்துக்குத் தனி மனிதரைத் தண்டிக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதினார். 1950 தொடக்கத்தில் லண்டனில் ஃபுல்ஹாமுடன் ஆடியபோது வசை கேட்டபடிதான் களமிறங்கினார்; ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் வரிசையாக நின்று கைதட்டி அவரை வழியனுப்பினார்கள். அந்த ஆட்டத்தில் அவருடைய அணி தோற்றிருந்தது.

ஆகவே கழுத்துக்காக அல்ல. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதே அந்த இறுதியாட்டத்துக்கு முன்பு அறிவிக்கப்பட்டதுதான். மேற்கு ஜெர்மனியோ, வெளிநாட்டில் ஆடுகிறார் என்பதால், அவரை ஒரு சர்வதேச ஆட்டத்தில்கூட இறக்கவில்லை.