என்.பி.டி.இ.எல். படிப்பு: ஒப்படைப்புகளை முடித்தும் சான்றிதழ் வராதது ஏன்?

ஐ.ஐ.டி.கள் உள்ளிட்ட நிறுவனங்களின் இணையவழிப் படிப்புத் திட்டமான என்.பி.டி.இ.எல்.-இல், 12 வாரப் படிப்பின் ஒப்படைப்புகளையெல்லாம் முடித்தும் சான்றிதழ் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். 12 வார ஒப்படைப்புகளிலும் 80 விழுக்காடு பெற்றிருந்தாலும், தேர்வு மையத்துக்கு நேரில் சென்று இறுதித் தேர்வை எழுதித் தேறாதவரை உங்களுக்குச் சான்றிதழ் கிடைக்காது.

நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், படிப்பில் சேர்ந்ததையே தேர்வுப் பதிவு என்று எண்ணியிருப்பீர்கள் எனத் தோன்றுகிறது. சேர்வதும், காணொளிகளைப் பார்ப்பதும், ஒப்படைப்புகளை அனுப்புவதும் இலவசம். தேர்வுக்கோ, குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்தித் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இலவசக் கல்வி என்று நம்பி வருவோரில் பலர் இடறி விழும் இடம் இதுதான்.

முதலில், தேர்வுக் கட்டணம் செலுத்திய ரசீதோ நுழைவுச்சீட்டோ உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் நீங்கள் பதிவு செய்யவில்லை என்றே கொள்ளலாம். அதே படிப்பு மீண்டும் நடத்தப்படும் பருவத்தில் சேர்ந்து, பதிவு தொடங்கியதுமே அதை முடித்துவிடுங்கள்.

மதிப்பெண் கணக்கையும் அறிந்துகொள்ளுங்கள். 12 வாரப் படிப்பில் சிறந்த 8 ஒப்படைப்புகளின் சராசரிக்கு 25, தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30 என்று இரண்டிலும் தனித்தனியே எட்ட வேண்டும். ஆகவே உங்கள் 80 விழுக்காடு என்பது மொத்தத்தில் ஏறத்தாழ 20 மதிப்பெண் மட்டுமே.

ஓர் எச்சரிக்கை: என்.பி.டி.இ.எல். படிப்புகளும் இடம்பெறும் மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான சுவயத்தின் படிப்புகள் வழியே, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை பெற யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 விதிமுறை இடமளித்தாலும், எந்தப் படிப்புக்கு கிரெடிட் (பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் மதிப்பலகு) தருவது என்பதை உங்கள் கல்லூரியே முடிவு செய்யும். கட்டணம் கட்டுமுன் துறைத் தலைவரின் ஒப்புதலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.