மலை வீட்டில் ஒரு வருட மளிகை

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில், நாகலூர் பக்கம் குடியிருக்கிறோம். என் கணவர் போன சித்திரையில் சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடை ஒன்றில் ஓராண்டு மளிகையையும் சோப்பு, சலவைத்தூள் முதலியவற்றையும் ஒரே தடவையில் வாங்கி, வேன் வைத்து மேலே கொண்டுவந்தார். ஐப்பசிக்குள் துவரம்பருப்பில் வண்டு, நிலக்கடலையில் பூஞ்சணம். சலவைத்தூள் கல்லாக இறுகிவிட்டது. இந்த வருடமும் அப்படியே வாங்கினால்தான் மிச்சம் என்கிறார். உண்மையில் இது மிச்சமா, நட்டமா?
- ஏற்காடு வாசகி

பதில்: உங்கள் கணவரின் கணக்கில் வாங்கிய விலை இருக்கிறது, வீணான பொருளின் விலை இல்லை. கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைகிறதென்று 130 ரூபாய் வீதம் 20 கிலோ துவரம்பருப்பு வாங்கினால் 200 ரூபாய் மிச்சமாகும். அதில் ஒன்றரைக் கிலோ வண்டரித்தாலே அது ஏறக்குறையத் தீர்ந்துவிடும். வேன் வாடகை தனி.

மலைக்குளிரில் வண்டு மெதுவாகத்தான் பெருகும். உங்கள் வீட்டுக்குப் பெரிய பகை ஈரம். மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் மாதங்களில் பருப்பும் தானியமும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு நமுத்துப்போகின்றன. ஆகையால் காயவைக்கும் வேலையைச் சேலத்திலேயே முடித்துவிடுங்கள். கீழே உறவினர் வீட்டு மொட்டை மாடி கிடைத்தால், பங்குனி வெயிலில் பருப்பையும் மிளகாயையும் இரண்டு நாள் பரப்பி, மாலையில் அள்ளிய சூட்டோடு டின்னில் அடைக்காமல், நிழலில் நன்றாக ஆறவிட்டு அடையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்க்கும். பூஞ்சணத்துக்கு அந்த நாலு சொட்டு போதும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அவை இறுக மூடிய டின்னிலேயே ஏறட்டும், கோணி மூட்டையில் வேண்டாம்.

ஓராண்டுக்கு வாங்க மிகவும் தகுந்தது புளி. மாசி, பங்குனியில் புதுப்புளி வரத்து மிகுந்து விலை இறங்கியிருக்கும். கொட்டையும் கோதும் நீக்கி வெயிலில் காட்டி, ஓர் அடுக்குப் புளி, அதன்மேல் ஒரு கைப்பிடி கல்லுப்பு என்று பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ அழுத்தி வையுங்கள். அலுமினியப் பாத்திரத்தைப் புளிப்பு அரித்துவிடும். ஈரக்கை படாதவரை புளி கறுக்குமே தவிரக் கெடாது. குழம்புக்குப் பழம்புளிதான் வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. அரிசியும் பழையதானால் சோறு குழையாது. அதை 26 கிலோ சிப்பமாகவே கேளுங்கள், ஏனென்றால் 2022 ஜூலை முதல் 25 கிலோ வரையிலான, பெயர் அச்சிட்ட பைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதற்கு மேற்பட்ட பைக்கு இல்லை.

மாவு, ரவை, எண்ணெய், நிலக்கடலை ஆகியவற்றை ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். பூஞ்சணம் பிடித்த கடலையைத் துடைத்து, வறுத்துச் சட்னி அரைக்கும் சிக்கனம் ஒருபோதும் வேண்டாம். அதில் உண்டாகக்கூடிய அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு அடுப்புச் சூட்டில் முழுதும் அழிவதில்லை, கல்லீரலைக் கெடுக்கும். மிளகையும் காபியையும் பற்றி ஏற்காட்டுக்காரருக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும்.

குளியல் சோப்பைக் கொஞ்சம் வாங்கி வைக்கலாம்; காய்ந்த கட்டி மெதுவாகக் கரையும். ஆனால் விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்று நம்பி அலமாரியை நிரப்ப வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு ஆகியவற்றுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் வாங்கிக் குவித்தவர்கள் கூடுதல் வரியைக் கொடுத்ததுதான் மிச்சம். சலவைத்தூளை இறுகிய மூடியுள்ள வாளியில் வையுங்கள். கல்லாகிப் போனதைக் கொட்டிவிடாதீர்கள். உடைத்து வெந்நீரில் ஊறவிட்டால் கரைந்து நுரைக்கும்.