கேள்வி பதில்: கோயிலுக்கு போறோம், விடுதலை மட்டும் எங்க போச்சு?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கிறிஸ்தவங்களா இருக்கோம், அன்றாட வாழ்க்கைல விடுதலையா இருக்கோமா, மனசுல உள்ளத கேளுங்கன்னு போன வாரம் சொன்னேன், கேள்வி குமிஞ்சிட்டு. நான் பாளையங்கோட்டைக்காரி, ரிட்டயர்டு டீச்சர், முப்பது வருசத்துக்கு மேல ஓய்வுநாள் பள்ளி எடுத்தவ, அவ்வளவுதான், சபை ஐயர் (பாஸ்டர்) மாதிரி பிரசங்கம்லாம் வராது. ஊர் பேர் மட்டும் போடுதேன், ஆள் பேர் வேண்டாம்.

சாத்தான்குளத்து தம்பி: டீச்சர், காலைல வேதம் வாசிக்காம வேலைக்கு கெளம்புனா அன்னைக்கு பூரா ஒரே பயம். போன மாசம் பைக் பஞ்சர் ஆச்சு, இது தண்டனைதான்னு தோணிட்டு. இது சரியா?

எய்யா, ரோட்டுல உடைமுள்ளு கெடந்தா, தேவன் காப்பாருன்னு சொல்லுத 91ஆம் சங்கீதம் வாசிச்சிட்டு வந்தவன் டயரும் பஞ்சராவத்தான் செய்யும். நீ சொல்லுதது பக்தி இல்ல, வட்டிக்காரனுக்கு பயப்படுதது. காலைல தவணை கட்டலேன்னா சாயங்காலம் வாசல்ல வந்து நிப்பான்னு இருக்கே, அந்த பயம். "அடிமையானவன் என்றைக்கும் வீட்டிலே நிலைத்திரான், குமாரன் என்றைக்கும் நிலைத்திருக்கிறார்" யோவான் 8:35, அதுக்கு அடுத்த வசனம்தான் நாம எல்லா கூட்டத்துலயும் கேக்குத "குமாரன் உங்களை விடுதலையாக்கினால்", ஆனா முன்னால உள்ளத யாரும் வாசிக்கதில்ல. வேலைக்காரன் ஒருநாள் வரலேன்னா சம்பளம் புடிப்பாங்க, புள்ள ஒருநாள் அசந்து தூங்கிட்டா அம்மா ரெண்டு ஏச்சு ஏசிட்டு இட்லிய எடுத்து மூடி வைப்பா. நீ வீட்டுப்புள்ளயா வேலைக்காரனான்னு மொதல்ல முடிவு பண்ணு.

உங்க ஊருக்கு பக்கத்துலதான முதலூர் இருக்கு? விசுவாசத்துக்காக அடி வாங்கி துரத்தப்பட்ட சனங்க 1799ல நெலம் வாங்கி குடியேறுன ஊரு, இந்த சீமைல மொத கிறிஸ்தவ குடியிருப்புங்கதால அந்த பேரு. அடிக்கு பயப்படாம நின்ன சனத்தோட பேரப்புள்ளைக நாம, பஞ்சருக்கு பயந்துகிட்டு இருக்கோம். வேதம் வாசி, வாசிக்க வேண்டாம்னு சொல்லல, பசிச்சா சாப்பிடுத மாதிரி வாசி. ராத்திரி வாசிச்சாலும் அதே வசனம்தான்.

நாசரேத்து பக்கத்து தங்கச்சி: கட்டிக்கொடுத்த வீட்டுல பெந்தெகொஸ்தே சபை. கம்மல கழத்துனாதான் முழு விசுவாசின்னு மாமியார் சொல்லுதாங்க. எங்க அம்மாவோ கழத்துனா வீட்டு வாசல்படி மிதிக்காதங்கா.

கலாத்தியர் நிருபத்த ஒரே மூச்சுல வாசி தங்கச்சி, ஆறே அதிகாரம்தான், சோறு வடிக்க நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். இயேசுவ விசுவாசிச்சா மட்டும் போதாது விருத்தசேதனமும், அதான் ஆம்பளைக நுனித்தோல வெட்டுத யூத சடங்கு, பண்ணணும்னு கொஞ்சபேர் வந்து அந்த சபைய கொழப்புனாங்க, அதுக்குத்தான் பவுல் அவ்வளவு கோவமா எழுதுதாரு. 5:6ல விருத்தசேதனமும் ஒன்னுக்கும் உதவாது, இல்லாமையும் ஒன்னுக்கும் உதவாது, அன்பினால கிரியை செய்யுத விசுவாசம்தான் உதவும்னு சொல்லுதாரு. அதுல கம்மல போட்டு வாசிச்சு பாரு. கம்மல் உன்ன நரகத்துக்கும் கொண்டு போவாது, மூளிக்காது பரலோகத்துக்கும் கொண்டு போவாது. ஆனா உங்க அம்மா பக்கமும் ஒரு அடிமைத்தனம் இருக்கு, நாலுபேர் என்ன சொல்லுவாங்கங்கது. போடு இல்ல கழத்து, பயந்து செய்யாத. மாமியார்ட்ட சண்டை போடாம, "அத்த, எனக்கு மனசுல தெளிவு வரட்டும், அதுவரைக்கும் இப்படியே இருக்கேன்"னு சொல்லி பாரேன்.

சுரண்டை அண்ணாச்சி: குடி. கன்வென்ஷன்ல கை வச்சு ஜெபிச்சாங்க, மூணு மாசம் தொடல. ஒரு கல்யாண வீட்டுல மறுபடி ஆரம்பிச்சிட்டு. சபைல சாட்சி வேற சொல்லிட்டேன், இப்ப யார் மூஞ்சில முழிக்க?

அண்ணாச்சி, வெளிப்படையா கேட்டீங்களே, அதுவே பெரிசு. செத்துப்போன லாசருவ இயேசு எழுப்புனாருல்ல, அவன் கல்லறைய விட்டு வெளிய வந்தப்ப உயிரோடதான் வந்தான், ஆனா கையும் காலும் பிரேதச்சீலையால கட்டி கெடந்துச்சு, மூஞ்சில சீலை சுத்தி இருந்துச்சு. இயேசு அந்த கட்ட அவரே அவுக்கல, பக்கத்துல நின்னவங்கள பாத்து "இவனைக் கட்டவிழ்த்துவிடுங்கள்"ங்காரு. உயிர் குடுக்கது அவர் வேலை, கட்டு அவுக்கது சபை வேலை. நம்ம சபைகள்ல என்ன நடக்கு, சாட்சி சொல்லும்போது கை தட்டுதோம், விழுந்தா கதவுக்கு பின்னால நின்னு பேசுதோம், அப்புறம் மனுசன் ஒளிக்காம என்ன செய்வான்.

இன்னொன்னு, இத கண்டிப்பா கேக்கணும். தெனமும் நெறைய குடிச்சவங்க வைராக்கியத்துல ஒரே நாள்ல நிறுத்துனா கை நடுங்கும், வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்தாயிரும். அதனால பாளையங்கோட்டை ஐகிரவுண்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரில மனநல டாக்டர பாத்து, அவங்க சொல்லுத மாதிரி நிறுத்துங்க. டாக்டர்ட்ட போறது விசுவாசக்குறைவுன்னு எவனாவது சொன்னா அவன் மூக்கு கண்ணாடிய கழத்த சொல்லுங்க. சபைல ஒரே ஒரு ஆள், வாய் அடக்கமான ஆளா பாத்து உண்மைய சொல்லி வைங்க. கல்யாண வீடு, கொடை, எலெக்சன் நாள்ல அவர கூடவே வச்சிக்கோங்க.

திசையன்விளை: கடன் வாங்கி பொருத்தனை (நேந்துகிட்ட) காணிக்கை போடலாமா?

கூடாது. 2 கொரிந்தியர் 9:7, விசனமாயுமில்ல கட்டாயமாயுமில்ல, மனசார குடுக்கணும்னு இருக்கு. கடன அடைங்க.

அம்பாசமுத்திரம்: சொத்து பாகம் வச்சதுல அண்ணன் ஏமாத்திட்டான். மன்னிச்சிட்டேன்னு ஜெபத்துல சொல்லுதேன், அவன பாத்ததும் வயிறு எரியுது. அப்ப நான் மன்னிக்கலையா?

எனக்கும் எங்க அண்ணனுக்கும் ஒரு கெணத்துக்காக ஒன்பது வருசம் பேச்சு கெடையாது. ஒரு வருசம் கோயில் பிரதிஷ்டை பண்டிகை அசனத்துல, அதான் சபை விருந்துல, பந்தில உக்காந்திருக்கேன், கறிக்கொழம்பு வாளிய தூக்கிட்டு வரிசையா வாரான். எந்திரிச்சு போவவும் முடியல, இலைல சோறு வச்சாச்சு. என் இலை பக்கம் வந்ததும் ஒரு நிமிசம் நின்னான், கரண்டிய அடில விட்டு கெளறி எலும்பு துண்டா தேடி எடுத்து வச்சான், எனக்கு சின்ன புள்ளைல இருந்தே எலும்புதான் பிடிக்கும். ஒன்னும் பேசல, அடுத்த இலைக்கு போய்ட்டான். கெணறு இப்பவும் அவன்ட்டதான் இருக்கு, எரிச்சல் அன்னைக்கே போயிரல, அப்புறமும் ரெண்டு வருசம் வந்து வந்து போச்சு. ஆனா அவன் கெட்டு போவணும்னு நெனைக்கத நிறுத்திட்டேன், அது என் கைல இருந்துச்சு. வயிறு எரியுதது காயம், பழி வாங்க நெனைக்கது தீர்மானம், ரெண்டையும் போட்டு கொழப்பிக்காத. வக்கீல வச்சு நியாயம் கேக்கதும் தப்பில்ல.

ஊர் போடாத ஒரு தங்கச்சி: மாமியார் படுத்த படுக்கை, மூணு வருசமா நான்தான் எல்லாம். கோயிலுக்கு போயே பல மாசம் ஆச்சு. எனக்கு எங்க விடுதலை?

டோனாவூர்ல மிஷனரியா இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல கீழ விழுந்து அடிபட்டவங்க, 1951ல சாவுத வரைக்கும் பெரும்பாலும் ஒரே ரூம்லதான், அங்கன இருந்தே எழுதிகிட்டே இருந்தாங்க. கல்லறைக்கல் வேண்டாம்னுட்டாங்க, பறவை வந்து தண்ணி குடிக்க ஒரு தொட்டிதான் அங்க இருக்கு. இத சொல்லி உன்ன பொறுத்துக்கோன்னு சொல்ல வரல, அவங்கள பாக்க சுத்தி ஆள் இருந்துச்சு, உனக்கு இல்ல, அதான் வித்தியாசம். உங்க சபை பெண்கள் ஐக்கிய சங்கத்துல கேளு, ஞாயித்துக்கெழமை ரெண்டு மணி நேரம் ஒரு ஆள் மாமியார்ட்ட வந்து இருக்கட்டும், நீ ஆராதனைக்கு போ, இல்ல தூங்கு, அதுவும் சரிதான். கேக்க கூச்சமா இருந்தா எனக்கு மட்டும் ஊர் பேர அனுப்பு, அந்த சேகரத்துல (சுத்துவட்டார சபைகள்ல) யாராவது பழைய மாணவி இருப்பா, நான் பேசுதேன்.