ரோகு குளத்தை மூடும் பாசி: அழிப்பதா, தீனியாக்குவதா?

கேள்வி: மியான்மரில் தட்டோன் ஊருக்கு அருகே ரோகு மீன் வளர்க்கும் குளம் ஒன்று வைத்திருக்கிறேன். கரையில் வாத்துக் கொட்டகை இருக்கிறது. மழை ஓய்ந்த பிறகு பொட்டுப் பொட்டான பச்சைப் பாசி குளம் முழுவதையும் மூடிவிட்டது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. களைக்கொல்லி அடிக்கலாமா, அல்லது தீனிக்காகப் பாசியை அப்படியே விட்டுவைக்கலாமா?

பதில்: களைக்கொல்லி வேண்டாம். பாசி முழுவதும் ஒரே சமயத்தில் செத்து அழுகினால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரில் எஞ்சியுள்ள பிராணவாயுவையும் எடுத்துக்கொள்ளும். இன்று வாய் திறக்கும் மீன்கள் அன்று செத்து மிதக்கும். மூங்கிலை நீரில் மிதக்கவிட்டுப் பாசியை ஒரு மூலைக்கு ஒதுக்கி, வலையால் நாள்தோறும் வாரி எடுங்கள். கொட்டகைக் கழுவுநீர் குளத்தில் விழுவதையும் நிறுத்துங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது பெரும்பாலும் லெம்னாவாகத்தான் இருக்க வேண்டும். பாசி என்று சொன்னாலும் அது பூக்கும் தாவரம். வெப்பமும் சத்தும் தோதாக அமைந்தால் இரண்டு மூன்று நாட்களிலேயே இரட்டிப்பாகிவிடும். வாத்து எச்சத்திலுள்ள அம்மோனியா அதற்கு நல்ல உரம். வெயில் உள்ளே இறங்காதபடி அது மேற்பரப்பை மூடிவிடுவதால், ரோகு பெரிதும் நம்பியிருக்கும் நுண்ணிய மிதவை உயிரிகளும் குறைகின்றன, பிராணவாயுவும் குறைகிறது. புல்கெண்டையும் திலாப்பியாவும் லெம்னாவை விரும்பித் தின்னும். ரோகுவுக்கு அது முதன்மை இரையன்று. ஆகவே ரோகு குளத்தில் அதை விட்டுவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் வாத்துக்கு இதைவிட மலிவான புரதம் கிடைப்பது அரிது. முழங்கால் ஆழத்தில் தனிக்குட்டை ஒன்று வெட்டி, கொட்டகைக் கழுவுநீரைத் தண்ணீர் கலந்து அதில் பாய்ச்சி, அங்கே வளருங்கள். சத்துள்ள நீரில் வளர்ந்த லெம்னாவின் காய்ந்த எடையில் 35 முதல் 40 சதவீதம் வரை புரதம் இருக்கும். சத்து வறண்ட நீரில் அது 15 முதல் 20 சதவீதமாக இறங்கி, நார் கூடிவிடும். இதை அறியப் பரிசோதனைச் சாலை தேவையில்லை: வேர் குட்டையாக இருந்தால் சத்து நிறைவு, நீண்டு தொங்கினால் நீரில் உரம் போதவில்லை. நன்றாக நடக்கும் குட்டையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் பச்சைப் பாசி எடுக்கலாம். சதுர மீட்டருக்கு அரைக் கிலோவாவது விதைப்பாசியாக எப்போதும் மிச்சமிருக்க வேண்டும்.

பச்சைப் பாசியில் 94 சதவீதம் வரை தண்ணீரே என்பதால் அதை மட்டும் போட்டு வாத்து வளர்க்க முடியாது. குருணையும் தவிடும் வழக்கம்போல் கொடுத்து, வெளியில் வாங்கும் புரதத் தீனியை மட்டும் படிப்படியாகக் குறையுங்கள். (மணல் அளவேயான வோல்ஃபியா என்னும் இதன் உறவுச் செடியை நம் நாட்டிலும் தாய்லாந்திலும் மனிதர்களே கறியாகச் சமைத்து உண்கிறார்கள்.) பட்டறைக் கழிவு கலக்கும் நீரில் மட்டும் வளர்க்காதீர்கள், லெம்னா உலோக நஞ்சுகளையும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் குட்டை நிரம்பி வழிந்தால் பாசி மீண்டும் ரோகு குளத்துக்குள் புகுந்துவிடும் என்பதால், வெட்டும்போதே குட்டையின் வரப்பை உயர்த்திக் கட்டி, வடிகாலை மீன்குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிடுங்கள்.