உடம்பு தேற எதை வாங்கலாம்?

உடம்பு தேறவில்லை என்ற கவலையில் காசைக் கொட்டுகிறவர்கள் எழுதிய கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். இளைப்பதற்கு விற்கிற பொருள்களைப் பற்றி எச்சரிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். பெருப்பதற்கு என்று விற்கிறவற்றைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

கேள்வி: வயது 24. உயரம் 170 செ.மீ., எடை 50 கிலோ. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், அப்பாவும் ஒல்லி. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கி, சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறேன். சாப்பாடு மெஸ்ஸில். ஜிம் மாஸ்டர், மாஸ் கெயினர் என்கிற எடை கூட்டும் பவுடர் மூன்று கிலோ டப்பா வாங்கச் சொல்கிறார். விலை 2,800 ரூபாய். வாங்கலாமா?
– வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: வேண்டாம் தம்பி. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

டப்பாவைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பெரும்பாலான கெயினர் டப்பாக்களில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். மக்காச்சோளம் போன்றவற்றின் மாவுச்சத்தைச் சிறு துண்டுகளாக உடைத்து எடுத்த தூள் அது. உடம்புக்குள் போனதும் சர்க்கரை போலவே சட்டென்று ரத்தத்தில் ஏறும். பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் மாறினாலும், 100 கிராம் தூளில் 75, 80 கிராம் மாவுச்சத்தும் 15 கிராம் அளவில் புரதமும் இருக்கும். கலோரி 380 வரும். அப்படியானால் மூன்று கிலோ டப்பா முழுவதிலும் 11,400 கலோரி, 450 கிராம் புரதம்.

இரண்டு கிலோ வேர்க்கடலையிலும் ஏறக்குறைய இதே 11,400 கலோரிதான் இருக்கிறது. புரதம் 500 கிராம், அதாவது டப்பாவைவிடக் கொஞ்சம் கூடுதல். உங்கள் தெரு மளிகைக்கடையில் இரண்டு கிலோவும் சேர்த்து முந்நூறு, முந்நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். மீதிப் பணத்தைப் பாலுக்கும் முட்டைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கெயினர் விஷம் என்று நான் சொல்லவில்லை. குடித்தால் எடை ஏறும். ஆனால் பலருக்கு வயிறு உப்புசமாகி அடுத்த வேளைப் பசியே போய்விடும். ஏற்கெனவே கொஞ்சமாகச் சாப்பிடுகிறவருக்கு அது பெரிய இழப்பு.

உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு, 17.3. 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உங்கள் உயரத்துக்கு 53.5 கிலோ வந்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். ஆக, முதல் இலக்கு மூன்றரை கிலோதான். இப்போது சாப்பிடுவதற்கு மேல் தினம் 300 முதல் 500 கலோரி சேர்த்தால் வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரை கிலோ வரை ஏறும். இரண்டு மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேன்ஷன் ரூமில் அடுப்பு இருக்காது, தெரியும். 50 கிராம் வறுத்த வேர்க்கடலை, அதாவது இரண்டு கைப்பிடி, 280 கலோரி. ஒரு பாட்டிலில் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் பாதிப் பாதி போட்டு, இரண்டு வெல்லக் கட்டியும் சேர்த்து ஆபீஸ் டிராயரில் வைத்துவிடுங்கள். காலை பதினொரு மணிக்கு ஒரு கை, சாயங்காலம் ஒரு கை. டீ குடிக்கிற இரண்டு வேளையில் ஒன்றையாவது பாலாக மாற்றுங்கள். ஆவினில் ஆரஞ்சு பாக்கெட்தான் நிறை கொழுப்புப் பால், 6 சதவீதம் கொழுப்பு உள்ளது. கால் லிட்டரில் 200 கலோரிக்கு மேல் கிடைக்கும். எலெக்ட்ரிக் கெட்டில் வைத்துக்கொள்ள மேன்ஷனில் விட்டால் முட்டையை அதில் அவித்துக்கொள்ளலாம். பாலை மட்டும் அதில் காய்ச்சாதீர்கள், அடிப்பிடித்துக் கெட்டிலே வீணாகிவிடும்.

மெஸ்ஸில் நீங்கள் சாப்பிடும் வரிசையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். ஒல்லியானவர்கள் பலர் சாம்பார், ரசம், மோர் என்று ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டு, தண்ணீரிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். முதல் சோற்றுக்குப் பருப்பும் நெய்யும் கேளுங்கள். கூட்டு இரண்டாவது முறை கேட்க வெட்கப்படாதீர்கள். மோருக்குப் பதில் கெட்டித் தயிர். ஆம்லெட்டுக்குத் தனியாகக் காசு என்றால் கொடுத்துவிடுங்கள், அந்த 2,800-இல் இதுவும் அடங்கும்.

வேர்க்கடலை வாங்கும்போது கையில் கொட்டிப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது இருந்தால் வேண்டாம். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்ஸின் என்ற நச்சு இருக்கக்கூடும், அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஜிம்முக்குக் கட்டுகிற பணம் வீண் இல்லை. உடற்பயிற்சி இல்லாமல் கூடுதலாகச் சாப்பிட்டால் எல்லாம் தொப்பையில்தான் உட்காரும். வாரத்தில் மூன்று நாள் தண்டால், பஸ்கி, எடை தூக்குதல் போதும். உங்கள் எடைக்கு 60 முதல் 75 கிராம் புரதம் தினமும் வேண்டும். முட்டைகூடச் சாப்பிடாத சுத்த சைவமாக இருந்து, பால், தயிர், பருப்பு, கடலை எல்லாம் சேர்த்தும் அந்த அளவு எட்டவில்லை என்றால் சின்ன பாக்கெட்டாக, பாலிலிருந்து எடுக்கிற வே புரோட்டீன் தூள் வாங்கலாம். அதற்கும் இதே டப்பாப் பாடம்தான்: பட்டியலில் முதல் பெயர் என்ன என்று பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 21 வயது. பெண் பார்க்க வந்தவர்கள், கொஞ்சம் பூசினாற்போல இருந்தால் தேவலை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்ஸ்டாகிராமில் பார்த்து ஒரு மூலிகைப் பொடி வரவழைத்தோம். ஐந்து வாரத்தில் ஆறு கிலோ ஏறியது. இப்போது முகம் உப்பி, கணுக்கால் வீங்குகிறது. இது நல்லதுதானா? இன்னொரு பாட்டில் வாங்கவா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: வாங்காதீர்கள் அம்மா. இன்றே மகளை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

எடை கூட்டும் மூலிகைப் பொடி என்று விற்கிறவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்கும் மோசடி பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. உங்கள் பாட்டிலில் அது இருக்கிறதா என்று பரிசோதனைக் கூடத்தில்தான் தெரியும். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் சந்தேகப்பட வைக்கின்றன. ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், உடம்பில் நீரைத் தேக்கும். அதனால்தான் முகம் வட்டமாக உப்புகிறது. பார்க்கிறவர்களுக்கு உடம்பு தேறியதாகத் தெரியும். உள்ளே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பலவீனமாகும், நோய் எதிர்ப்புச் சக்தி குறையும்.

இதில் ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். பல வாரம் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோனை நிறுத்தி வைத்திருக்கும். அந்த நிலையில் பொடியைச் சட்டென்று நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, மயக்கம் என்று ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். எப்படி நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இன்றே என்கிறேன்.

மிச்சப் பொடியைக் கொட்டிவிடாதீர்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். உணவுப் பொருளாக விற்றிருந்தால் லேபிளில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையா என்று அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம். சித்தா, ஆயுர்வேத மருந்து என்று விற்றிருந்தால் தயாரிப்பு உரிம எண்ணும் தயாரித்தவர் முகவரியும் இருக்க வேண்டும். எதுவுமே இல்லாத பாட்டிலை விற்பதே குற்றம். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. மருந்து என்று விற்றிருந்தால் அரும்பாக்கத்தில் உள்ள இந்திய மருத்துவம் மற்றும் ஹோமியோபதித் துறை இயக்குநரகத்தில் புகார் கொடுங்கள்.

மகளுக்கு ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதைச் சரிசெய்தாலே பல பெண்களுக்குப் பசியும் தெம்பும் திரும்பிவிடும். மற்றபடி, நல்லபடியாகச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கும் பெண் ஒல்லியாக இருப்பது நோயே இல்லை. வந்தவர்கள் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவள் உடம்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

கேள்வி: பசி எடுக்க மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரப் கொடுக்கிறார்கள். தொடர்ந்து குடிக்கலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: டாக்டர் சீட்டு இல்லாமல் வேண்டாம். அந்த சிரப்புகளில் பெரும்பாலும் இருப்பது சைப்ரோஹெப்டடின். அலர்ஜிக்கான மருந்து அது, பசியைத் தூண்டுவது அதன் பக்கவிளைவு. தூக்கக் கலக்கம் வரும், வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஆபத்து. கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் தொடக்கூடாது. நிறுத்தினால் பசி பழையபடி ஆகிவிடும்.

கேள்வி: என் கணவருக்கு 62 வயது. ஆறு மாதம் முன்பு 64 கிலோ இருந்தார், இப்போது 58. எப்போதும் போலத்தான் சாப்பிடுகிறார். எந்தச் சத்து பவுடர் நல்லது?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: பவுடரைப் பிறகு பார்க்கலாம். பிறவியிலேயே ஒல்லியாக இருப்பது வேறு, இருந்த எடை இறங்குவது வேறு. முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே காரணம் தேட வேண்டும். உங்கள் கணவருக்கு 5 சதவீதம் என்றால் மூன்று கிலோ சொச்சம். அவருக்கு அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு குறைந்திருக்கிறது.

சர்க்கரை, தைராய்டு, காசநோய் மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் சர்க்கரையும் தைராய்டும் சந்தேகத்துக்குரியவை. கை நடுக்கம், படபடப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். இவற்றில் எதுவும் இல்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள், இந்த வயதில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பவுடர் வாங்கிக் கொடுத்து, ஏறுகிறதா பார்ப்போம் என்று இரண்டு மாதம் போக்கிவிடுவதுதான் இதில் எனக்குப் பெரிய பயம்.

கேள்வி: ஆன்லைனில் வெளிநாட்டு கெயினர் ஆர்டர் செய்தேன், 3,400 ரூபாய். வந்த டப்பாவில் உள் சீல் கிழிந்திருந்தது. இறக்குமதி செய்தவர் ஸ்டிக்கரும் இல்லை. திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஒரு ஸ்பூன்கூட எடுத்துச் சாப்பிடாதீர்கள். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, அவரது எஃப்எஸ்எஸ்ஏஐ எண் எல்லாம் டப்பாவில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் போலியாக இருக்கலாம், அல்லது முறைகேடாக உள்ளே வந்ததாக இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் ‘திரும்ப எடுக்க மாட்டோம்’ என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.

முதலில் அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள், போட்டோவுடன். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதே நாளில் 1915-க்கும் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். பல கம்பெனிகள் இந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுகின்றன.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி, நீங்கள் சென்னையிலேயே வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு ஏற்றலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், ஆனால் அவ்வளவு நாள் ஆறப்போடாதீர்கள். பில், டெலிவரி கவர், டப்பா மூன்றையும் வழக்கு முடியும் வரை அப்படியே வைத்திருங்கள்.